காற்றுக்கு எதிரே வந்த நிழல்

ஹடப்சர் அலுவலகத்தில் லீலா திரையில் பார்த்துக்கொண்டிருந்த மின்சார அளவுக் கோடு மதியத்துக்குப் பிறகு சரியத் தொடங்கியது. புணேக்குக் கிழக்கே இருக்கும் ஒரு சோலார் பண்ணை அடுத்த கால்மணியில் எவ்வளவு மின்சாரம் தரும் என்று முன்கூட்டிச் சொல்வது அவள் வேலை. மேகம் என்று நினைத்து அளவைக் குறைத்து அனுப்பப் போனாள். ஆனால் காற்று மேற்கிலிருந்து வீசியது. இந்த நிழலோ கிழக்கிலிருந்து வந்தது. பேனல்கள் வரிசை வரிசையாக அணைந்தன, ஆள் நடக்கிற வேகத்தில்.

அங்கே வேலை பார்க்கும் தம்பி ஜெபகுமாரை போனில் கூப்பிட்டாள்.

அவன் கட்டுப்பாட்டு அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தான். காலையில் வேலியோரம் புல் அறுத்த ஒருவர் பிய்ந்து கிடந்த கேபிளில் கை பட்டு இறந்துவிட்டாராம். கம்பெனியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஊரே கடப்பாரையோடு உள்ளே இறங்கியிருந்தது. காவலாளி மாடசாமியின் மண்டையை வாசலிலேயே பிளந்துவிட்டார்கள்; அவர் அசையவில்லை என்றான். கண்ணாடி நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது.

"எக்கா, கதவு தாங்காது. எந்தப் பக்கம் ஓடட்டும்?"

திரையில் கிழக்கு முழுதும் செத்திருந்தது. வடக்கும் அணைந்துகொண்டிருந்தது. தெற்கு மட்டும் பச்சையாக நின்றது.

"தெக்க ஓடுலே. அங்க ஒரு பேனல்கூட ஒடையல. யாருமே இல்ல."

ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான். அவன் இரைப்பு அவள் காதில் விழுந்தது. லீலா தெற்கின் கோட்டை மறுபடி பார்த்தாள். ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. வெயில் ஒருநாளும் அப்படி வழவழப்பாகக் காய்வதில்லை. ஒயர் அறுந்து அளவு வராமல் போனால், அந்த இடத்தை அவளுடைய கணிப்பைக்கொண்டே நிரப்பும்படி சென்ற மாதம் அவள்தான் செய்துவைத்திருந்தாள். இந்தப் பச்சை வெறும் கணிப்பு. அவர்கள் தெற்கே முதலிலேயே போய் ஒயரை அறுத்துவிட்டார்கள்.

"ஜெபா, நில்லு. திரும்பி ஓடு."

மராத்தியில் பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. நான் வெறும் ரிப்பேர்காரன் என்று ஜெபகுமார் மராத்தியில் சொல்வது கேட்டது. பிறகு எலும்பில் இரும்பு விழுந்தது. ஒருமுறை அம்மா என்று கத்தினான். அடுத்த முறை அந்தச் சொல்லைச் சொல்ல அவனிடம் முழு வாய் இல்லை. ஈரச் சாக்கை அடிப்பதுபோல அடி விழுந்துகொண்டே இருந்தது. லீலா போனுக்குள் யாரிடமோ மராத்தியில் கெஞ்சினாள். பக்கத்து மேசை தருண் போலீசைக் கூப்பிட்டான். வண்டி தூரத்தில் இருக்கிறதாம்.

அடி நின்றது. யாரோ போனை எடுத்தார்கள். யார் பேசுவது என்று ஒரு பெண் மராத்தியில் தணிந்த குரலில் கேட்டாள். அவன் அக்கா என்றாள் லீலா.

"மூச்சு இருக்கு. ஆம்பளைங்க எரிக்கிறதுக்கு டீசல் எடுக்கப் போயிருக்காங்க. இவனை எங்க மறைக்கிறது, சொல்லு."

லீலாவின் கண் தானாகத் திரையில் இருந்த வரைபடத்துக்குப் போனது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க நிக்கிற இடத்துலேர்ந்து என்ன தெரியுது? ஆளே இல்லாத பக்கம் எது?"

கால்வாய்ப் பக்கம் என்றாள் அந்தப் பெண். இழுக்கத் தொடங்கினாள். உடைந்த கால் கல்லில் இடித்தபோதெல்லாம் ஜெபகுமார் அலறினான். அவர்களுக்குக் கேட்டுவிடும், வாயைப் பொத்தட்டுமா என்று கேட்டாள்.

"பொத்துங்க."

அதன்பின் துணி தரையில் உரசும் சத்தம் மட்டும் வந்தது. லீலா தரையில் உட்கார்ந்து, இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கால்வாய்ச் சரிவில் இறங்கியதும் அந்தப் பெண் கையை எடுத்தாள். ஜெபகுமார் மறுபடி அலறினான்.