திங்கட்கிழமை வந்து நிற்பார்

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி, கீழே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுக்க வேண்டும். புத்தகம் புத்தகமாகத் தேட யாருக்குப் பொறுமை? அவரவர் கண்ணெதிரே நடப்பதை எழுதிவிடுவோம். தலைமைப் பதிப்பாசிரியரின் மூட்டுவலி 'குடைச்சல்' என்ற சொல்லுக்குக் கீழே இருக்கிறது. தட்டச்சு செய்யும் பெண்ணின் மாமியார் நான்கைந்து சொற்களில் வருகிறார், எதிலும் நல்லபடியாக இல்லை.

நான் அச்சுப்படி திருத்துகிறவள். என் வீட்டிலிருந்து எடுத்துக்காட்டு எதுவும் தேறாது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே என்னிடம் பேசுவது சொட்டுகிற குழாய் ஒன்றுதான்.

ஒரே மகன் வெளியூரில் இருக்கிறான். வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடு என்பான். நானும் அலுவலகத்தில் சொல்லிவிட்டு, பாத்திரங்களை மூட்டை கட்டுவேன். பிறகு கூப்பிட்டு, மருமகளுக்கு உடம்பு சரியில்லை, வீடு மாற்றுகிறோம், கொஞ்சம் பொறு என்பான். மூன்று முறை இப்படி ஆயிற்று. முதல் முறை அலுவலகத்தில் சுவர்க் கடிகாரம் கொடுத்து வழியனுப்பினார்கள். இரண்டாம் முறை ஒரு போர்வை. மூன்றாம் முறை டீ பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

ஒவ்வொரு முறையும் திங்கட்கிழமை திரும்பிப் போய், மனசு மாறிவிட்டது என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளை வேண்டாம் என்றான் என்று எந்த வாயால் சொல்வது? வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் அவர் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்.

இன்று காலை 'ச' வரிசையின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது.

சலனபுத்தி: ஒன்றில் நிலைத்து நிற்காத மனம், நேரத்துக்கு ஒரு முடிவு எடுக்கும் இயல்பு. 'அவருக்குச் சலனபுத்தி, போகிறேன் என்று, விடைபெறுவார், திங்கட்கிழமை வந்து நிற்பார்.'

எழுதியது யார் என்று கேட்கவே வேண்டாம். எதிர்மேசைத் தம்பிதான், கண்ட இடத்திலெல்லாம் காற்புள்ளி வைப்பதால் அவனுக்குக் கமா என்று பெயர். கெட்டவன் இல்லை. அந்தக் கடிகாரத்தை என் வீடு வரை தூக்கிவந்து மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். இப்போது காது சிவந்துபோய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வேணும்னா மாத்திடறேன்."

வலித்தது. நான் செத்த பிறகும் அந்த வரி அச்சில் இருக்கும். சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது. 'அவனுக்குச் சலனபுத்தி, வா என்பான், பிறகு வராதே என்பான்' என்று உண்மையை எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கமாவுக்குப் புரிந்துவிடும், மத்தியானத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். என் பிள்ளையை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். அதற்கு இந்தச் சிரிப்பே தேவலை.

"எதுக்குப்பா மாத்தணும்? சரியாத்தானே எழுதியிருக்க."

வேண்டாத காற்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மாலை வீட்டுக்கு வந்ததும் மகன் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, இந்தத் தடவை உறுதி. கிளம்பி வந்துடு."

"சரிப்பா" என்றேன். அவன் வா என்று சொல்லி, ஒரு தடவைகூட நான் மாட்டேன் என்றதில்லை.

நாற்காலியைப் போட்டு ஏறி, கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன்.