அறுபது கிராம்

பிலவேந்திரன் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறிக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் ராஜமேரிக்குக் கோபம் தலைக்கேறியது. விரலெல்லாம் மரத்துப் போயிருந்தது மனுஷனுக்கு. விடிந்ததும் மொரப்பூர் ஸ்டேஷனில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கடத்தூர் வரை ஊர் ஊராகப் போடுகிற பிழைப்பு. வண்டி, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ரெட்டை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். இரண்டு மாதத்துக்கு முன்பு மெக்கானிக் தாவூது இஞ்சினைப் பிரித்துப் பூட்டினார். அன்று பிடித்த ஆட்டம், ஹேண்டில் பாரைத் தொட்டால் தோள்பட்டை வரை ஏறியது.

நேற்று பிரேக் பிடிக்கக் கை மடங்காமல் மாட்டுவண்டியில் மோதப் பார்த்தாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார், மகராசன்.

அவள் நேராகப் பட்டறைக்குப் போனாள். தாவூது மூன்றாவது தடவையாக இஞ்சினைப் பிரித்து, இரண்டு பிஸ்டனையும் சாக்கின் மேல் வைத்திருந்தார்.

“கம்பெனிக்காரனே ரப்பர் கிப்பர் இல்லாம இஞ்சினை நேரா சேசிஸ்லயே போல்ட் போட்டு இறுக்கியிருக்கான்ம்மா. ஆடத்தான் செய்யும்,” என்றார்.

“முன்னாடி இப்படி ஆடலீங்களே பாய்?”

“உங்க வூட்டுக்காரரை முறுக்காம ஓட்டச் சொல்லுங்க.”

செய்வதையும் செய்துவிட்டுப் பழியைப் புருஷன் மேல் போடுகிறாரே! ராஜமேரி கைக்கு ஒன்றாகப் பிஸ்டன்களைத் தூக்கினாள். பதினைந்து வருஷமாகப் பருப்பும் புளியும் நிறுத்த கை. வலது கை இறங்கியது. எதிரில் இருந்த தன் மளிகைக் கடையிலிருந்து தராசைத் தூக்கிவந்து நிறுத்தாள். அறுபது கிராம் வித்தியாசம்.

“ஒண்ணு ஒரிஜினல். இன்னொண்ணு கிடைக்கல. லாரி பிஸ்டனைக் கடைஞ்சு போட்டேன்,” என்று இழுத்தார் தாவூது. “அறுபது கிராம்ல என்ன வந்துடப் போவுது? இது என்ன மளிகைக் கடையா?”

“நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல ஏறி எறங்குற சாமானுங்க இது. ஒண்ணு கனமா இருந்தா இஞ்சின் உதறாதா? அது உதறுறது அப்படியே எம்புருசன் கைக்குத்தான வருது?” ராஜமேரியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. “சரி, இப்படியே பூட்டுங்க. நாளைக்கு மொரப்பூருக்கு நீங்களே போயி பேப்பர் எடுத்துக்கிட்டு வாங்க.”

டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாவூதும் வீம்புக்குச் சரி என்றார்.

மறுநாள் வழியெல்லாம் கட்டுகளைப் போட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார். ராஜமேரி ஐந்து கிராம் படிக்கல்லைக் கடைப் பலகையில் வைத்தாள்.

“எடுங்க பாய்.”

விரல் நழுவியது. திரும்பவும் நழுவியது. மூன்றாவது தடவை அவர் முயற்சி செய்யவில்லை.

“ஒரே நாள் ஓட்டினீங்க. அவருக்கு ரெண்டு மாசம்.”

தாவூது அன்றே இஞ்சினைப் பிரித்தார். கனத்த பிஸ்டனின் உட்புறத்தை அரத்தால் ராவுவதும், ஓடிவந்து அவள் தராசில் வைப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் தட்டுகள் சமமாக நின்றன. வண்டியும் பழையபடி நிதானமாக ஓடியது. டீக்கடையில் இருந்தவர்கள் தாவூதைப் பாராட்டினார்கள்.

ராஜமேரி பாராட்டவில்லை. அதே படிக்கல்லைப் புருஷன் முன்னால் வைத்தாள். பிலவேந்திரன் சிரித்துக்கொண்டே எடுக்கப் பார்த்தார். கல் உருண்டு கீழே விழுந்தது.

“போகப் போக சரியாயிடும் மேரி,” என்றார்.

அவள் குனிந்து கல்லை எடுத்துப் பலகையில் வைத்தாள். “பாய், தினம் காத்தால இங்க வாங்க. இவரு இதை எடுக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு அப்புறம் பட்டறையைத் தொறங்க.”

தாவூது வந்தார். நாற்பது நாளாக வந்துகொண்டிருக்கிறார்.