பின்னந்தலை ஏடுகள்

புள்ளியியல் துறையில் மூன்றாம் ஆண்டு பயின்ற அந்த மாணவியைப் பேராசிரியர் முதல் துப்புரவாளர் வரை அனைவரும் ‘பென்சில்’ என்றே அழைத்தனர். அவளது உடல்வாகு அதற்குக் காரணமன்று. அவளது கையே காரணம். விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில், சுவரோரத்து இருக்கையில் அமர்ந்தபடி, மூன்றாண்டுகளாக அவள் ஒரே பொருளைத்தான் வரைந்துவந்தாள்: தனக்கு முன்னால் அமர்ந்திருப்போரின் பின்னந்தலைகள்.

முகம், தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தவுடன் நடிக்கத் தொடங்கிவிடும். பிடரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அவளது கொள்கை. அதன் வேர் அவளது வீட்டில் இருந்தது. அவள் தந்தை முடிதிருத்துநர். சிறுவயதில் கடையின் மூலையில் முக்காலி போட்டு அமர்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். கண்ணாடி உயரத்தில் மாட்டப்பட்டிருந்தமையால் வாடிக்கையாளர்களின் முகங்கள் அவளுக்கு எட்டவில்லை. தலையின் பின்புறங்கள் மட்டுமே எட்டின. ஊராரில் பாதிப் பேரைச் சுழியைக் கொண்டே அவள் அறிந்திருந்தாள்.

கோடில்லாத நீள நோட்டு. மென்மையான பென்சில் இரண்டு. அவற்றைச் சீவ, கடையிலிருந்து கொண்டுவந்த அரை பிளேடு. அவளது கலைக்கூடம் அவ்வளவே. ஒரு விரிவுரைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மேல்மூலையில் தேதியும் பாடமும் இருக்கும். காலியாக இருந்த நாற்காலிகளையும் அவள் விடாமல் வரைவாள். காலி நாற்காலியின் முதுகிலும் ஒரு களை உண்டு என்பது அவளது இன்னொரு கொள்கை. இப்படங்களை அவள் எவருக்கும் காட்டியதில்லை. தந்தைக்குக் காட்ட ஒருமுறை முயன்றதுண்டு. அவர் நோட்டைத் திறக்காமலேயே அவளது தாயாரிடம் முறையிட்டார்.

“படிப்பை மண்டைக்குள்ள ஏத்திக்கோன்னு அனுப்பினா, இவ மண்டையை வரைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா!”

அன்றிலிருந்து நோட்டு பைக்குள்ளேயே இருந்தது. ஆயினும், தந்தை ஒரே ஒரு முறை அதைப் புரட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் பையைக் காட்டிலும் ஆழமான ஓரிடத்தில் இருந்துகொண்டே இருந்தது.

அத்துறையில் ஓவியத்தைக் காட்டிலும் செழித்து வளர்ந்த வேறொரு கலை இருந்தது. அது கையெழுத்துக் கலை. வகுப்பு தொடங்கியதும் வருகைத்தாள் முன்வரிசையிலிருந்து புறப்படும். அறுபது பேர் கொண்ட வகுப்பில் முப்பத்துச் சொச்சம் பேர் அமர்ந்திருக்க, தாள் கடைசி வரிசையை அடையும்போது ஐம்பத்தெட்டுக் கையெழுத்துகள் பூத்துக் குலுங்கும். வந்தவர் வராதவருக்காகக் கையொப்பமிடுவது அங்கே உயிர்காக்கும் தொண்டாக மதிக்கப்பட்டது. வருகை குறைந்தவருக்குத் தேர்வெழுத அனுமதிச் சீட்டுக் கிடைக்காது.

பென்சிலும் இத்தொண்டில் பங்கேற்றாள். அவளது அறைத்தோழிக்கு ‘போர்வை’ என்று பெயர். நண்பகலுக்கு முன் போர்வையைவிட்டு வெளியே வராதவளுக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? துறையின் வகுப்புகளோ எல்லாம் காலையில்தான். போர்வையின் கையெழுத்தை அச்சுப் பிசகாமல் போட்டுவிட்டு, பேனாவை மூடிப் பென்சிலை எடுத்து, தன் முன்னால் போர்வைக்காகப் பிடித்துவைத்த காலி நாற்காலியை அதே கையால் வரைவாள். இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையே ஏதேனும் முரண்பாடு உண்டோ என்று அவள் சிந்தித்ததில்லை. ஒன்று நட்பு; மற்றொன்று கலை.

இந்நிலையில்தான் பல்கலைக்கழகம் ‘கட்டாயத் தன்னார்வக் கலைத் திட்டம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் ஓய்வுநேரத்தில் மனமகிழ்ச்சிக்காகச் செய்யும் ஏதேனும் ஒரு கலையைப் பதிவு செய்தாக வேண்டும். மகிழ்ச்சி பத்து மதிப்பெண்ணுக்கு மதிப்பிடப்படும். மகிழத் தவறியோர் அடுத்த பருவத்தில் மீண்டும் மகிழ வேண்டும். புள்ளியியல் துறையில் இதற்குப் பொறுப்பேற்ற பேராசிரியை ஊக்கம் மிகுந்தவர். பதினொரு பத்திகள் கொண்ட படிவத்தை அவரே வடிவமைத்திருந்தார். ‘கலையின் நோக்கம்’, ‘கலையால் விளையும் பயன்’, ‘கலை நிறைவுறும் உத்தேசத் தேதி’ என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தது.

நோக்கம் என்ற இடத்தில் பென்சில், ‘சும்மா’ என்று எழுதிக் கொடுத்தாள். படிவம் திரும்பி வந்தது.

“சும்மாங்கிறது ஒரு நோக்கமாம்மா?” என்றார் பேராசிரியை. “நீ புள்ளியியல் மாணவி. கொஞ்சம் கனமா எழுதிக் குடு. மேலிடத்துக்குப் போற காகிதம்.”

எப்படியாவது இப்படிவம் தொலைந்தால் போதும் என்றிருந்த பென்சில், ஆய்வேடுகளில் வழக்கமாக எழுதும் நடையிலேயே எழுதித் தள்ளினாள்: ‘வகுப்பறையில் நேரடியாகக் காணப்படும் தலைகளின் எண்ணிக்கையையும் பரவலையும், காலியிடங்கள் உட்பட எதையும் விடாமலும் கூட்டாமலும், நாள்வாரியாகப் பதிவு செய்தல்.’ எழுதியவளுக்கே அதைப் படித்ததும் ஒரு மிடுக்குத் தோன்றியது. படிவத்துடன் மூன்றாவது நோட்டையும் இணைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். தன் தலையில் மண்ணை அவ்வளவு இலக்கணச் சுத்தமாக எவரும் வாரிப் போட்டுக்கொண்டதில்லை.

வேறு துறையாக இருந்திருந்தால் படத்தைப் பார்த்திருப்பார்கள். புள்ளியியல் துறையில் எண்ணினார்கள். பேராசிரியை நூற்று நான்கு பக்கங்களிலும் உள்ள தலைகளை இரண்டு முறை எண்ணி அட்டவணையாக்கினார். சராசரித் தலைகள் முப்பத்தொன்று. பிறகு, ஒப்பீடு இல்லாத அட்டவணை அழகாயிராது என்ற ஒரே காரணத்தால், வருகைத்தாள்களை வரவழைத்தார். சராசரிக் கையெழுத்துகள் ஐம்பத்தெட்டு.

செய்தி மதிய உணவுக்கு முன்பே விடுதியை எட்டியது. பென்சில் அறைக்குள் நுழைந்தபோது போர்வை, வரலாற்றிலேயே முதன்முறையாக, எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஏண்டி, காலி நாற்காலியையெல்லாமாடி வரைவாங்க? மனுஷங்களை வரைஞ்சா பத்தாதா உனக்கு?”

“அங்கே காலியாத்தானே இருந்துச்சு...”

“ஒரு தலையை எக்ஸ்ட்ராவா போட்டிருந்தா உன் பென்சில் தேஞ்சா போயிருக்கும்? கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சுது, ஒரு மண்டை போடத் தெரியலை!” என்றவள் கட்டிலில் அமர்ந்தாள். குரல் இறங்கியது. “போன வருஷமே ஒரு தடவை சீட்டு கிடைக்காம வீட்டுக்குப் போயிட்டேன். இந்தத் தடவையும் போனா, எங்கண்ணன் என் படிப்பை நிறுத்தி அவன் பட்டறையில உக்கார வெச்சிடுவான்டி.”

போர்வையைப் போல் இருபத்தேழு பேர் இருந்தனர். ஆனால் அவர்களைக் காப்பாற்ற ஒரு மெல்லிய நூல் மிஞ்சியிருந்தது. அத்துறையில் இருக்கைக்கு எண் கிடையாது. விரும்பிய இடத்தில் அமரலாம். படங்களில் பெயரும் கிடையாது. எத்தனை பேர் வரவில்லை என்பது வெட்டவெளிச்சம். யார் வரவில்லை என்பது இருட்டு. பின்னந்தலையைப் பார்த்து ஆளைச் சொல்லக்கூடியவர் எவருமில்லாதவரை இருபத்தேழு பேரும் பிழைத்தார்கள்.

மூன்றாம் நாள் துறைத்தலைவரின் அறையில் விசாரணை கூடியது. மாணவரின் பெயரில் சிறப்புச் சாதனையோ சிறப்புக் குற்றமோ பதிவானால் பெற்றோரை அழைக்க வேண்டும் என்பது விதி. இது இரண்டில் எது என்று தெரியாத நிலையிலும் கடிதம் அனுப்பப்பட்டது. பென்சிலின் தந்தை கடையை அரை நாள் மூடிவிட்டு, சட்டைப்பையில் சீப்பு நீட்டிக்கொண்டிருக்க, வந்து சேர்ந்தார். நடைகூடத்தில் இருபத்தேழு பேரும், என்ன ஆகுமோ என்ற பயத்தில் தாங்களாகவே வந்து, வேடிக்கை பார்ப்பவர்களைப் போல் சுவரோரமாக நின்றிருந்தனர். அவர்களில் பலர் துறைக் கட்டடத்தின் அப்பகுதியைக் காண்பது அதுவே முதல் தடவை.

துறைத்தலைவர் வழுக்கையை மறைக்க ஒரு பக்கத்து முடியை மறுபக்கத்துக்கு அனுப்பிவைத்திருந்த பெரியவர். அட்டவணையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இருபத்தேழு பேர்! ஒருத்தனையும் விடக்கூடாது. ஆனா ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெறும் பின்மண்டையை வெச்சு யாராலயும் சொல்ல முடியாதே!”

பென்சில் தரையைப் பார்த்தாள். அந்த அறையில், ஏன் அந்த நகரத்திலேயே, அக்கேள்விக்கு விடை தெரிந்த மனிதர் அவளுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் வாய் திறக்கக் கூடாதே என்று அவள் மனத்துக்குள் மன்றாடினாள். ஆனால் ஒரு தொழிலாளியின் காதில் ‘முடியாது’ என்ற சொல் விழுந்துவிட்டது.

“ஏன் சார் முடியாது?” என்றார் தந்தை. “கொண்டாங்க, பார்க்கலாம்.”

“அப்பா, வேண்டாம்ப்பா. உங்களுக்குக் கண்ணாடி வேற எடுத்துட்டு வரலை...”

“மண்டை பார்க்க எனக்கெதுக்கு கண்ணாடி?”

அவர் நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் நின்றார். இரண்டாம் பக்கத்தில் சீப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் விரல், ஒரு பிடரியின் அடிக்கோட்டின் மேல் காகிதத்தைத் தொடாமல் ஊர்ந்து சென்றது. மூன்றாண்டுகளாக அவள் விரும்பிய காட்சி அவள் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அது நடக்காமல் போக வேண்டுமே என்று அவள் தவித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பிள்ளைக்குச் சுழி இடப்பக்கம். இவனுக்கு மெஷின் பிடிச்ச ஆளுக்கு அவசரம். காதுக்குப் பின்னாடி படி விழுந்திருக்கு. பதினஞ்சு நாள் கழிச்சு இந்தா பாருங்க, அதே பையன், அதே படி, முடி மட்டும் வளந்திருக்கு.” அவர் நிமிர்ந்தார். “சார், இது படமில்லை. ஆள் அப்படியே உக்காந்திருக்கு. வெளியில நிக்கிற பிள்ளைங்களைக் கூப்பிட்டுத் திரும்பி நிக்கச் சொல்லுங்க. ஒண்ணுவிடாமச் சொல்லிடறேன்.”

“அருமை!” என்று துறைத்தலைவர் எழுந்தேவிட்டார். “கூப்பிடுங்க எல்லாரையும்!”

“இருங்க சார், இதோ நீங்களே இருக்கீங்க,” என்றார் தந்தை, அடுத்த பக்கத்தைப் புரட்டியபடி.

“நானா?”

“ரெண்டாவது வரிசை. இரட்டைச் சுழி, ஒண்ணு கீழே இறங்கியிருக்கு. இந்தப் பக்கத்து முடி அந்தப் பக்கம் போகுது. உங்க மண்டை ஆயிரத்துல ஒண்ணு சார், மாத்திச் சொல்லவே முடியாது.” பாராட்டும் பரவசத்தில் அவர் மேலும் உற்று நோக்கினார். “ஆனா கழுத்துல மூணு மடிப்பு விழுந்திருக்கே, தலை வலப்பக்கம் சாஞ்சு... முழிச்சிருந்தா இப்படி மடியாது. கடையில எத்தனை பேரைப் பார்க்கிறேன்! நீங்க நல்லா அசந்து தூங்கறீங்க சார்.”

பேராசிரியை தேதியைப் பார்த்தார். “அது வெளிநாட்டுப் பேராசிரியர் வந்து பேசின நாள். ‘துறைத்தலைவர் கூர்ந்து கேட்டு இருபது கேள்விகள் எழுப்பினார்’னு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினோமே...” என்று தொடங்கியவர், தம் தலைவரின் முகத்தைக் கண்டதும் அட்டவணையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்.

துறைத்தலைவர் மெல்ல அமர்ந்தார். அவர் அமர்ந்து முடிப்பதற்குள் அவருக்குள் ஒரு கலைக் கோட்பாடு பிறந்துவிட்டது.

“கலைன்னா என்னங்கம்மா?” என்றார் பேராசிரியையை நோக்கி. “கற்பனை. ஒரு கலைஞரோட கற்பனையைக் கொண்டுபோய் வருகைத்தாளோட ஒப்பிடறது கலைக்கே அவமானம் இல்லையா?” பிறகு பென்சிலின் பக்கம் திரும்பினார். குரலில் கனிவும், கனிவுக்குள் ஓர் ஆணியும் இருந்தன. “நீயே சொல்லும்மா. இதெல்லாம் நேர்ல பார்த்து வரைஞ்சதா? கற்பனையா?”

தந்தை மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை அவள் அதற்குமுன் கண்டதில்லை. அதை இன்னும் ஒரு நிமிடம் வைத்திருக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. கதவின் மேற்பாதிக் கண்ணாடியில் போர்வையின் மூக்கு நசுங்கித் தெரிந்தது.

“கற்பனைதான் சார்,” என்றாள் பென்சில். “எனக்கு ஆளைப் பார்த்து வரைய வராது.”

“என்னம்மா சொல்றே?” என்றார் தந்தை. மேசைமேல் வைத்த சீப்பை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் தயாராயிற்று: ‘இவரது படங்கள் முழுக்கக் கற்பனையே, உயிரோடுள்ள எவரது தலையையும் எவ்வகையிலும் ஒத்திருக்கவில்லை.’ மகிழ்ச்சிக்குப் பத்தில் எட்டு. உண்மைத்தன்மைக்குத் தனிக் குறிப்பு: ‘இல்லை.’

வெளியே வந்ததும் தந்தை நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக அலுவலகச் சாளரத்துக்குச் சென்றார்.

“மறுமதிப்பீட்டுக்கு ஒரு ஃபாரம் குடுங்க தம்பி.”

“காரணம் என்னன்னு போடணும் சார்,” என்றார் எழுத்தர்.

“அச்சு அசலா இருக்கிற மண்டையை எதுமாதிரியும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. நான் முப்பது வருஷமா மண்டை பார்க்கிறவன். மேலிடம் வரைக்கும் போவேன்.”

இருபத்தேழு முகங்களும் ஒருசேர வெளுத்தன. “அங்கிள், வேண்டாம் அங்கிள்!” என்று போர்வை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பென்சில் அவரைச் சாளரத்திலிருந்து இரண்டடி தள்ளி அழைத்து வந்தாள். “அப்பா, உள்ளே சொன்னது பொய். எல்லாம் நேர்ல பார்த்து வரைஞ்சதுதான். அது நிஜம்னு எழுதிட்டா இவங்க இருபத்தேழு பேரும் பரீட்சை எழுத முடியாது. இவளுக்குக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.”

தந்தை அவளது வலக்கையைப் பார்த்தார். “ஒரே கையால பொய்யும் போட்டிருக்கே, நிஜத்தையும் வரைஞ்சிருக்கே.”

“ஆமாப்பா.”

“நிஜம்தான் நல்லா வந்திருக்கு,” என்றார்.

விண்ணப்பத்தை அவர் நான்காக மடித்து எழுத்தரிடமே திருப்பிக் கொடுத்தார். ஆனால் அவ்விடம் விட்டு நகரவில்லை. அவருக்கு மனம் ஆறவில்லை என்பது அவர் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. காகிதத்தில் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். ஒருவராவது சரிபார்த்தாக வேண்டுமே!

“எல்லாரும் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க,” என்றார், கடையில் ‘தலையைக் குனிங்க’ என்று சொல்லும் அதே குரலில்.

இருபத்தேழு பேரும், உயிர் பிழைத்தவர்களுக்கே உரிய பணிவுடன், திரும்பி நின்றனர். தந்தை நோட்டை விரித்துப் பிடித்து, வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு பிடரியாக நடக்கத் தொடங்கினார். “நாப்பத்தொண்ணாம் பக்கம், ஓரத்துல... சரி. இவன் ரெண்டே ரெண்டு நாள்தான் வந்திருக்கான், ஆனா சரி.” போர்வையின் பின்னால் வந்ததும் வெகுநேரம் புரட்டினார். “இந்தப் பொண்ணு எங்கேயுமே இல்லையேம்மா?”

“அந்தக் காலி நாற்காலியெல்லாம் அவதான்ப்பா.”

தந்தை பக்கத்தைப் பார்த்தார், போர்வையின் தலையைப் பார்த்தார், மீண்டும் பக்கத்தைப் பார்த்தார்.

“அதுவும் சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அடுத்த தலைக்கு நகர்ந்தார்.

அப்போது துறைத்தலைவர் வெளியே வருவதற்காகத் தம் கதவைத் திறந்தார். தம் மாணவர்களின் பின்னந்தலைகள் நடைகூடம் நெடுகிலும் அணிவகுத்து நிற்பதையும், ஒரு மனிதர் நோட்டுடன் தம் பக்கமாக வந்துகொண்டிருப்பதையும் கண்டார். ஒரு கையால் உச்சிமுடியைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கதவை மீண்டும் சாத்திக்கொண்டார்.