காதில் விழும்வரை

காணும் பொங்கலன்று காலையில் மொட்டைமாடியில் காக்கைக்குக் கணு வைத்துவிட்டு இறங்கியபோது கலைமதிக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, ஒரு துண்டுக் கரும்பு. எல்லாம் தம்பி கோபி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. மூன்று வருஷமாக அவன் முகத்தைப் பார்க்காமலேயே வைத்தாள். இன்று அவனே வரிசையோடு வருகிறான்.

அப்பாவின் கருமாதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைக்க மறந்துவிட்டான் கோபி. பந்தி ஓரத்தில் நின்று நின்று பார்த்த கலைமதியின் புருஷன் தீனதயாளன், செருப்பை மாட்டிக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறியவன்தான். அதன்பிறகு அவள் பிறந்த வளவனூரிலிருந்து பொங்கலுக்குக் கரும்பும் வரவில்லை, சேலையும் வரவில்லை. போன வாரம் கோபி போன் செய்து, "நானே வர்றேன்க்கா" என்றதும் தீனதயாளன் கொஞ்சம் இறங்கி வந்தான். கூடவே ஒரு கெடுவும் வைத்தான்.

"இந்தப் பொங்கலுக்கும் வரிசை வரலன்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் நீ அங்க போறதும் இல்ல, அவன் இங்க வர்றதும் இல்ல."

சொன்னால் செய்கிறவன். சொந்த அண்ணனோடு ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வருஷக்கணக்கில் பேசாமல் இருப்பவன்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி டீ குடிக்க நின்றபோது கோபி போனில் பேசினான். "கரும்பு பைக்குல நிக்க மாட்டேங்குது. கட்டிக் கட்டிப் பேஜாரா போச்சு. வந்துகினே இருக்கேன்."

சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி போன் அடித்தது. வளவனூரிலிருந்து சித்தப்பா மகள் புனிதா.

"கலை, பெரியப்பா போய்ட்டாருடி. டீ குடிச்சிட்டுச் சாஞ்சாரு, அவ்ளோதான். கோபி போன எடுக்க மாட்டேங்கிறான், வண்டி ஓட்டிக்கினு இருப்பான். வாசல்லயே நிறுத்திச் சொல்லி ஜல்தி திருப்பி அனுப்பு. அவன்தான கொள்ளி வெக்கணும்?"

பச்சைமுத்துப் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை.

கலைமதி அடுப்பை அணைத்தாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைமுழுகினால் தீட்டுப் போய்விடும். கோபி பங்காளி. கருமாதி முடியும்வரை அவன் வரிசை கொடுக்கவும் முடியாது, கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தீட்டு, சாவு விழுந்த நேரத்திலிருந்து கணக்கில்லை. சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் என்பது அவர்கள் ஊர் வழக்கம். கோபியின் காதில் இன்னும் விழவில்லை.

அவள் காதில்தான் விழுந்துவிட்டது.

"யாரு போன்ல?" கூடத்திலிருந்து தீனதயாளன் கேட்டான்.

"புனிதா. பொங்கலுக்கு விசாரிச்சா."

மறுபடி தலைக்கு ஊற்றினால் ஏன் என்று கேட்பான். அழுதாலும் கேட்பான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

பைக் வந்தது. கோபி கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாம்பாளத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தான். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, சேலை. சட்டைப் பையில் போன் உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது.

"வெத்தலைய எங்க வெச்சேன்?" என்று பையைத் துழாவினான்.

"வெத்தலை கெடக்கட்டும். தட்டக் குடு."

"எடுத்துப் பேசேன் மச்சான், எவனோ விடாம அடிக்கிறான்" என்றான் கூடத்திலிருந்து எழுந்து வந்த தீனதயாளன்.

கோபியின் கை சட்டைப் பைக்குப் போனது. "மொதல்ல தட்டக் குடுடா!" என்றாள் கலைமதி. தெருவில் போனவள் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

கோபி சிரித்தான். "என்னக்கா, சேலைக்கு இவ்ளோ அவசரம்? மாமா பொங்கலுக்கு ஒண்ணுமே எடுத்துத் தரலியா?"

தீனதயாளனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தாம்பாளம் அவள் கைக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"வா மச்சான். எங்க வீட்ல கூப்ட்டு உக்கார வெச்சுத்தான் சோறு போடுவோம்" என்றான் தீனதயாளன். குத்தல்தான். கோபி தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தான். போனை எடுத்துப் பார்க்காமலே அணைத்துத் தரையில் வைத்தான்.

வடை, பாயசம், சாம்பார். பேசாமல் பரிமாறிவிடலாம். சாப்பிட்டுக் கிளம்பட்டும், வழியில் எவனாவது சொல்லிக்கொள்வான். அவள் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் வளவனூரில் எல்லோரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோபி வடையைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனான்.

"சாப்பிடாதடா."

கை நின்றது.

"பெரியப்பா போய்ட்டாரு."

"எப்ப?"

"காலையில."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ விக்கிரவாண்டி தாண்டினதும்."

கோபி எழுந்தான். "அங்க அவரு எனக்காகக் காத்துக்கினு கெடக்காரு, நீ என்னைய வெத்தலை தேட விட்டு வேடிக்க பாத்தியா? பாயசம் ஊத்தப் பாத்தியே! நீயெல்லாம் அவரு தோள்ல ஏறி வளந்தவதானா?" நேராகச் சாமி படத்துக்குப் போய்த் தாம்பாளத்தில் கை வைத்தான். "இது வேணாம். போற வழியில ஏரியில கொட்டிட்டுப் போறேன்."

கலைமதி தடுக்கவில்லை. தடுக்கத் தனக்கு வாயில்லை என்று தெரிந்தது. கணவன் முகத்தைப் பார்க்கவும் துணியவில்லை.

தாம்பாளத்தின் மறுபக்கத்தைத் தீனதயாளன் பிடித்துக்கொண்டான்.

"அவள ஏன் கத்துற? கெடு வெச்சவன் நான்."

"விடுங்க மாமா. தீட்டு."

"உன் காதுல வுழறதுக்கு முன்னாடி குடுத்த. வாங்குனது வாங்குனதுதான். கைய எடு." கோபி எடுக்கவில்லை. அரிசி கொஞ்சம் தரையில் சிந்தியது. "எடு மச்சான். நீ கெளம்பு. நான் கோடித்துணி வாங்கிக்கினு பின்னாலயே வர்றேன். மாப்பிள்ளை வராத சாவா போவக் கூடாது."

கோபி பிடியை விட்டான். வெளியே போய் பைக்கைக் கிளப்பினான். கலைமதி வாசற்படியில் நின்றாள். போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். வண்டி நகரவில்லை, முறுக்கிய முறுக்கில் உறுமிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"ஏறு" என்றான். "உன்கூட நான் பேசறதா இல்ல. அழுவுறதுன்னா அங்க வந்து அழுவு."