நல்ல தண்ணீர் குடித்த செடி

செம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாரிக்கனி ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். முன்கூடத்து உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கிய பித்தளைச் சட்டியிலிருந்து, பின்னிவிட்ட சடைகள் மாதிரி நாலைந்து கொடிகள் இறங்கியிருந்தன. கொழுகொழுவென்று சின்னச் சின்ன இலைகள். பூக்காது, காய்க்காது, குழம்பிலும் போட முடியாது. இதுக்குப் போய் நல்ல தண்ணி. பல்லைக் கடித்துக்கொண்டு செம்பைக் கவிழ்த்தாள்.

பருத்திக்கடை சண்முகவேலின் மனைவி கோகிலாம்பாள், பெங்களூரில் தம்பி வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி அது. மண்சட்டியில் இருந்ததை, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தன் சீர்ப் பாத்திரத்துக்கு மாற்றியிருந்தாள். இப்போது அதே தம்பி மகளின் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு புறப்பட்டு, வீட்டு வேலை பார்க்கும் மாரிக்கனியிடம் சாவியைக் கொடுத்தபோது, நகைப் பெட்டியைக்கூட அவ்வளவு கவலையாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏ மாரிக்கனி, தெனம் ஒரு செம்பு ஊத்திரணும். அண்டாவுல இருக்க நல்ல தண்ணி. உப்புத் தண்ணி கிப்புத் தண்ணி ஊத்துன, கருகிப்போகும். பச்சப்புள்ள மாதிரி அது. பட்டினி போட்றாத."

"சரிம்மா. நான் பாத்துக்கிறேன். நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க."

எழுபத்து நாலில் மழை ஏமாற்றிவிட்டு, அடுத்த சித்திரையும் வந்து காய்ந்துகொண்டிருந்தது. அருப்புக்கோட்டையில் குழாயடியில் குடங்கள் ராவெல்லாம் வரிசையில் கிடந்தன. வசதிக்காரர்கள் வீட்டுக்கு மாட்டுவண்டியில் பீப்பாய் வரும். மாரிக்கனியின் தெருவில் இருந்த ஒரே கிணற்றில் ஊறுவது வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீருக்கு ஊரைத் தாண்டி நடந்து, அடிக்கிணற்றில் சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மகள் பேச்சிக்கு வயிற்றோட்டம் கண்டது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாலும் துப்பினாள். பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் லோடு தூக்கிவிட்டு வந்த சங்கையா, மகளின் வெடித்த உதட்டைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கத்தினான்.

"ஒரு அண்டா நல்ல தண்ணிக்கிச் சாவி உன் முந்தியில கெடக்கு. ஒரு செம்பு மோந்துட்டு வா. அவுக என்ன எண்ணியா வச்சிட்டுப் போயிருக்காக?"

"எண்ணி வச்சிட்டுப் போகல. அதனாலதான் எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். எத்தனை தூரம் நடந்தாலும் அந்தச் செடிக்கு ஊற்றாமல் இருந்ததில்லை. ஊற்றும்போதெல்லாம் வயிறு எரியும். ஊற்றினாள்.

செடியோ நன்றிகெட்டது. இலைகள் மஞ்சளடித்துத் தொட்டாலே பொலபொலவென்று உதிர்ந்தன. வெக்கைக்கு வாடுகிறது போல என்று நினைத்து, சில நாள் இன்னொரு செம்பும் சேர்த்து ஊற்றினாள்.

கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து இறங்கிய அன்று கூடத்தில் வெறும் தண்டுகள் தொங்கின. கீழே இலைகள் சுருங்கிக் கிடந்தன. கோகிலாம்பாள் நேரே அடுப்படிக்குப் போய் அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பி வந்தவள் சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் மாரிக்கனிக்குப் பொறுக்கவில்லை.

"அண்டாவுல தண்ணி கொறஞ்சிருக்கு. செடி காஞ்சுபோய்க் கெடக்கு. அப்பத் தண்ணி எங்க போச்சு மாரிக்கனி? கேட்டா நான் குடுக்க மாட்டேனா?"

"செடிக்குத்தாம்மா ஊத்துனேன். தெனமும் ஊத்துனேன்."

"ஊத்துன செடியா இது? உன் மகளுக்குச் சொகமில்லன்னு சொன்னாக. இல்லாத வீடு, எடுத்திருப்ப. அத ஒத்துக்கிட்டா என்ன?"

சண்முகவேல் செருப்பைக் கழற்றியபடியே, "விடு கோகிலா, போனாப் போகுது" என்றார். மன்னிக்கிறாராம்! செய்யாத களவுக்கு மன்னிப்பு. மாரிக்கனிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்திருக்கலாமே என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. பேச்சியின் உதடு நினைவுக்கு வந்தது. எடுக்காமல் போனதற்காகத் தன்னையே நொந்துகொள்ளும்படி வைத்துவிட்டார்களே இவர்கள், அந்த ஆத்திரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டிக்குள் கையை முழுசாக விட்டாள்.

தண்டு அடியில் கூழாகிக் கையோடு வந்தது. குப்பென்று அழுகல் நாற்றம். ஓட்டையில்லாத அந்தப் பித்தளைச் சட்டியில், ஊற்றிய தண்ணீரெல்லாம் போக வழியில்லாமல் அப்படியே கிடந்திருக்கிறது. ஒரு பிடி மண்ணை அள்ளி கோகிலாம்பாளின் முகத்துக்கு நேரே பிழிந்தாள். விரலிடுக்கில் கறுப்பாகத் தண்ணீர் வழிந்து, முழங்கையில் இறங்கி, செக்கச்செவேலென்று பூசியிருந்த சிமெண்டுத் தரையில் சொட்டியது.

"பாருங்கம்மா. காஞ்ச மண்ணா இது? எம்புள்ள நாக்கு வறண்டு கெடந்தப்ப உங்க செடி குடிச்ச தண்ணி இது."

கோகிலாம்பாள் சொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செடிக்குப் போயி இம்புட்டுக் கோவமா உனக்கு?" என்றாள் மெதுவாக.

"செடிக்கில்லம்மா."

மாரிக்கனி கைப்பிடி மண்ணை விடாமலே இடது கையால் முந்தியை அவிழ்த்துச் சாவியை ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு வெளியே இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. தெருமுனைக் குழாயடியில், காலிக் குடங்களோடு நின்ற பெண்கள் அவளுடைய மூடிய கையையே பார்த்தார்கள். நடக்க நடக்க அது சொட்டிக்கொண்டே வந்தது. புழுதியில் விழுந்த சொட்டுகள் அவள் அடுத்த அடி வைப்பதற்குள் காய்ந்துபோயின. கைக்குள் மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.