சந்திரிகாவின் மயில்

அதிகாரி வருகிறார் என்றால் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலில் காய்ச்சல் காண்பது ஆசிரியர்களுக்குத்தான். கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, மூச்சு வாங்க ஏறினால் வருகிற அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் என்று இருந்ததே இரண்டு பேர். ஒருவர் தலைமை ஆசிரியரான அதிபர் நவரட்ணராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போக வழி கிடைக்காமல் இங்கேயே நரைத்துப்போனவர். மற்றவள் ஞானேஸ்வரி. காய்ச்சல் எப்போதும் ஞானேஸ்வரிக்கே கண்டது.

இந்தத் தடவை வருகை சும்மா இல்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். பையன்கள் ஏறினார்கள், பெண் பிள்ளைகள் தம்பி தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். இந்த வருடம் ஐந்தில் இருக்கும் சந்திரிகாவின் அம்மா பாப்பம்மா, முதுகுக் கூடையை இறக்காமலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"இங்கயே ஆறாங் கிளாஸ் வந்தா படிக்கட்டும் டீச்சர். இல்லாட்டி கைப்புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும். பஸ்ஸுல எல்லாம் அனுப்ப மாட்டோம்."

ஆறாம் வகுப்பு கொடுப்பதா வேண்டாமா என்று பார்த்து முடிவு சொல்லத்தான் கல்வி அதிகாரி பளீல் வருகிறார்.

"பிள்ளையளின்ர ஆக்கங்கள் திறமா இருக்க வேணும் டீச்சர். அதைப் பாத்துத்தான் அவர் முடிவெடுப்பார்," என்றார் அதிபர்.

திறமாக இருப்பது என்றால் என்னவென்று வேலைக்கு வந்த நாளிலேயே ஞானேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரியவர்கள் செய்ததைச் சுவரில் மாட்ட வேண்டும். எங்கும் நடப்பதுதான். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, ஆயத்தம் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஊறப்போட்ட துணி ஊறியபடியே கிடக்க, அவள் குனிந்த தலை நிமிரவில்லை. தேயிலை விதைகளை ஒட்டி ஒரு கோயில் செய்தாள். சப்பாத்துப் பெட்டியில் ஒரு பஸ் செய்தாள். கடைசியாக மயில். சந்திரிகா கொடுத்திருந்த தாளில் நீலத் தலையோடு ஒரு கோழி நின்றது. அதன் மேல், கோழியைவிடப் பெரிய குடை ஒன்று. "மழையில நனஞ்சா மயிலுக்குத் தடுமல் புடிக்கும்ல டீச்சர்," என்று விளக்கம் வேறு. ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அதை அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, புது மட்டையில் தோகை விரித்த மயில் ஒன்றை வரைந்தாள். அடியில் சந்திரிகாவின் பெயரை எழுதினாள்.

மறுநாள் ஒத்திகை.

"தலையக் குனியக் கூடாது. சத்தமாச் சொல்லணும். 'இதை நானே வரைந்தேன்.' எங்க, சொல்லு."

"நீங்கதானே டீச்சர் வரஞ்சீங்க?"

"அது பரவாயில்ல. எல்லாம் நம்ம ஸ்கூலுக்காகத்தான். சொல்லு."

முதலில் 'நானே' என்ற சொல் சந்திரிகாவின் வாயில் வரவே இல்லை. சொல்லச் சொல்ல வந்துவிட்டது.

வருகை நாளன்று, காலைக் கூட்டத்துக்கு வர வேண்டிய அதிகாரி வெயில் ஏறித்தான் வந்தார். அதுவரை பிள்ளைகள் வரிசையிலும், வேலைக்கு நடுவே வந்திருந்த தாய்மார் பின்னாலும் நின்றார்கள். மாலை பிடித்திருந்த சின்னப் பெண் நின்றபடியே தூங்கி வழிந்தாள். ஜீப் சத்தம் கேட்டதும் அவளை உலுக்கி எழுப்பி, மாலையைப் போட வைத்து, சந்தனம் காட்டி, விளக்கேற்றி, வரவேற்புப் பாட்டும் பாடி முடிக்கையில் ஞானேஸ்வரிக்குக் கால் கடுத்தது.

பளீல் நல்ல மனிதர். மாலையைக் கழற்றி அந்தச் சின்னப் பெண்ணின் கழுத்திலேயே போட்டார். பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, இதை நானே செய்தேன், இதை நானே எழுதினேன் என்று முழங்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கும் அலுப்புத்தான். மயில் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாஷா அல்லாஹ்! மகள், இத நீங்களா கீறின?"

"ஆமா சார். இதை நானே வரைந்தேன்."

"அப்ப எனக்கும் ஒண்டு கீறிக் காட்டுங்க பாப்பம். சின்னதா, இந்தக் கரும்பலகையில." எழுந்துவந்து சோக்கட்டியை நீட்டினார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார்.

ஞானேஸ்வரி மனதுக்குள் கணக்குப் போட்டாள். நான்தான் வரைந்தேன் சார் என்று சொன்னால் ஆறாம் வகுப்பு போய்விடும். சொல்லாவிட்டால், பின்னால் பாப்பம்மா பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை கோழியை வரைந்துவிட்டு நிற்கும். அப்போதும் ஆறாம் வகுப்பு போய்விடும். அதிபர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். வாயைத் திறக்கத் தெம்பில்லை என்று பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தெம்பு இருந்தது. தைரியம்தான் இல்லை.

சந்திரிகா சோக்கட்டியை வாங்கிக்கொண்டு கரும்பலகை வரை போனாள். பிறகு திரும்பினாள். தலையைக் குனியவில்லை. சத்தமாகவே சொன்னாள்.

"கை நோவுது சார். நேத்து வெறகு ஒடிக்கையில சுளுக்கிருச்சு. இல்லாட்டி வரஞ்சிருவேன்."

சொல்லிவிட்டு மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்து, முகத்தையும் சுளித்துக் காட்டினாள்.

"அடடா, பாவம். வேணாம் மகள், வேணாம்." பளீல் பதறிப்போய் சோக்கட்டியை வாங்கிக்கொண்டார். பேச எழுந்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பாதியில் விடலாமா என்று கேட்டு, தை மாதத்திலிருந்து ஆறாம் வகுப்பு நடக்கும் என்று அறிவித்தார். கைதட்டல் அடங்கவே இல்லை. பாப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

ஜீப் போனபின் ஞானேஸ்வரி கதிரைகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்திரிகா ஓடிவந்து பக்கத்தில் நின்றாள்.

"சரியாச் சொன்னேனா டீச்சர்?"

ஞானேஸ்வரி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சுளுக்கும் இல்லை, கிளுக்கும் இல்லை. திட்ட வேண்டும் போலிருந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் பிள்ளை ஒப்பித்திருக்கிறாள், அதுவும் பிழையில்லாமல்.

"சரியாத்தான் சொன்ன," என்றாள்.

"ஆறாங் கிளாஸ்லயும் நீங்களே வரஞ்சி குடுத்திருவீங்கதானே டீச்சர்? எனக்குத்தான் வரைய வராதே."

அதைச் சொல்லும்போது பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஞானேஸ்வரி தூக்கிய கதிரையைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.