முடிச்சுப் போட்ட ஒயர்கள்

ஊரில் பாதி வீட்டுக்கு ஒயரிங் செய்து கொடுத்தவள் அவள். கட்டின புருஷனின் பழைய டிராக்டர் மட்டும் பதினோரு வருஷமாக அவள் கைக்குச் சிக்காமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது. என் வண்டியை நானே பார்த்துக்கொள்வேன் என்பான். போன வாரம் ஸ்டீயரிங்குக்குக் கீழே குபுகுபுவென்று புகை கிளம்பி, ஆள் தப்பித்ததே பெரும்பாடு என்றான பிறகுதான் சாவியைக் கொடுத்தான். நாளைக்கு மறுபடி வயலில் இறக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறந்தவளுக்குத் தலை கிறுகிறுத்தது. விளக்குக்குப் போகிற ஒயர் பச்சையாகக் கிளம்பிப் பாதி வழியில் சிவப்பாகிறது. ஹாரன் ஒயர் சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடிகிறது. என்ன கூத்து இது? போதாததற்கு ஒவ்வொரு ஒயர் நுனியிலும் சாக்கு நூலால் முடிச்சு வேறு. ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் மூன்று. எதற்கென்று கேட்டால், சும்மா கிடக்கட்டும் விடு என்று நழுவிவிட்டான்.

வடிகட்டின சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அத்தனையையும் பிடுங்கிப் போட்டாள். எல்லாம் புது ஒயர். ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ். தகரத்தில் உரசுகிற இடத்தில் ரப்பர் குழாய். விளக்குக்குச் சிவப்பு, ஹாரனுக்குப் பச்சை. சாயங்காலம் விளக்கைப் போட்டால் பளிச்சென்று எரிந்தது.

ஒரு வார்த்தை மெச்சுவான் என்று பார்த்தால், அவன் உள்ளே கையை விட்டு எதையோ தடவித் தேடினான். முகம் செத்துப்போயிருந்தது. இதில் விளக்கு ஒயர் எது என்று கேட்டான்.

"கண்ணு தெரியலையா? சிவப்புதான்."

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்" என்றான்.

விளையாடுகிறானோ என்று பார்த்தாள். இல்லை. தக்காளி பழுத்திருக்கிறதா பார் என்று எப்போதும் அவளையே கேட்டது, பச்சைச் சட்டையை எடுத்து வரச் சொன்னால் சிவப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அசடு வழிந்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. இத்தனை நாள் யாரோடு குடித்தனம் நடத்தினோம் என்றே அவளுக்குப் புரியவில்லை.

முதலில் சொன்னால் பெண் தர மாட்டார்களோ என்று பயமாம். அப்புறம் சொல்ல வெட்கமாம். போன வாரம் புகைக்குள் கையை விட்டு, மூன்று முடிச்சைத் தடவிப் பார்த்து விளக்கு ஒயரை உருவியதால்தான் பிழைத்தானாம்.

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அந்த முடிச்சுகளைத்தான் மத்தியானம் பெருக்கி அள்ளியிருந்தாள்.

குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்து நூலைப் பொறுக்க உட்கார்ந்தாள்.

"விளக்குக்கு மூணு. ஹாரனுக்கு எத்தனை?" என்றாள்.